ஏழு மாடிக்குத் தளம் அடித்த நாள்

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள்.

குஞ்சம்மாள். அவள் நாத்தனார் வேம்பு. மாரியாயி. பெரிய தனம். சின்னத் தனம். காசியம்மாள். ரோசாப்பூ, பெயர்தான் அப்படி, கை உலக்கை. ஏழு பேரும் பூதலூர்ப் பக்கம் நடவு நடுகிற பெண்கள். அன்று தளம் அடித்தார்கள்.

லிஃப்ட் மாட்ட வந்த மெக்கானிக். சென்னைக்காரர்.

கட்டடத்தின் என்ஜினியர்.

கட்டடத்தின் சொந்தக்காரர். மிராசுதார். பெண்கள் அவரைப் பண்ணை என்பார்கள். நேரில் எல்லோருமே ஐயா என்போம்.

நான். மேஸ்திரி.

வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லிக்கொண்டார்கள். இல்லை.

புதிதாக மேஸ்திரி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். கலவை எப்படி, கம்பி எப்படி என்றெல்லாம் எழுத மாட்டேன். அது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

சென்னையில் பதினாலு மாடி எழுந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கழுத்து வலி என்றார்கள். மிராசுதாரும் போய்ப் பார்த்தார். வந்தார். சும்மா இருந்தார். பிறகு நில உச்சவரம்பு வந்தது. முதலில் முப்பது ஏக்கர் என்றார்கள். பிறகு பதினைந்து என்றார்கள். ஐயாவுக்கு எத்தனை வேலி நிலம் என்று அவருக்கே தெரியாது, கணக்குப்பிள்ளையைக் கேட்க வேண்டும். கொஞ்சத்தைப் பினாமியில் எழுதினார். கொஞ்சத்தைச் சாமி பேரில் எழுதினார். மீதியில் ஒரு பகுதியை விற்றார். உச்சவரம்பு நிலத்துக்குத்தான். மாடிக்கு இல்லை. தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏழு மாடிக்குக் கடைக்கால் தோண்டச் சொன்னார்.

ஊரில் அப்போது மூன்று மாடியே பெரிய மாடி. எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் என்ஜினியரைக் கேட்டார்.

"ஏன் சார், இது பெரிய கோயிலைவிட ஒசரமா வருமா?"

"இதை மாதிரி ரெண்டு கட்டி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாலும் எட்டாது."

"அப்புறம் எதுக்கு சார் இது?"

என்ஜினியர் டீயைக் குடித்தார்.

கட்டடம் நன்றாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். முகப்பு தெற்கே, ரோட்டைப் பார்த்து. வெயில் உள்ளே விழாதபடி கீழிருந்து மேல் வரை நிற்கிற பட்டைகள், ஒவ்வொன்றும் கை அகலம். மாடிப்படி ஒரு பக்கம் சுற்றி ஏறும். நடுவில் லிஃப்டுக்குக் கிணறு மாதிரி ஒரு பொந்து. பிளான் போட்டவர் சென்னையிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார். மொட்டை மாடியில் மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் வைத்தார். முன்பக்கம் வைக்கவில்லை. நான் கேட்டேன்.

"தெருவில நின்னு பாக்கிறவனுக்குக் கட்டடம் வானத்துல போய் முடியணும் மேஸ்திரி. சுவர் வெச்சா முண்டாசு கட்டின மாதிரி ஆயிடும்."

"ஆள் விழுந்துட்டா?"

"மூணடி உள்ள தள்ளி இரும்புக் குழாய் வரும். தளம் முடிஞ்சப்புறம்."

குழாய் வந்து கீழே கிடந்தது. தளம் முடியவில்லை.

இந்த இடத்தில் ஆட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்சி மாறியது. ஐயாவின் வேட்டிக் கரை மாறியது. தோள் துண்டு மாறியது. ஆள் அவரேதான். எல்லாரும் சமம் என்று மேடையில் பேசினார். நன்றாகவே பேசினார். முன்பெல்லாம் யாராவது காலில் விழுந்தால் காலைக் காட்டிக்கொண்டு நிற்பார். இப்போது கூச்சம் வந்தது. யாராவது விழுந்தால் இரண்டடி பின்னால் போய், "எந்திரிய்யா, அந்தக் காலம் போச்சு" என்பார். நாலு பேர் பார்த்தால் மூன்றடி போவார். கட்டடம் திறக்க அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். எல்லா வேலையும் அந்தத் தேதியைப் பார்த்து ஓடின.

ஊரில் வேறு நடந்துகொண்டிருந்தது. அறுப்புக் கூலி கூட்டிக் கேட்டார்கள். ஐயா தரவில்லை. வெளியூர் ஆள் இறக்கினார். உள்ளூர் ஆள் மறித்தார்கள். போலீஸ் வந்தது. அந்த வருடம் அவர் வயல்களில் பாதி நடவில்லாமல் கிடந்தது. நடவுப் பெண்களுக்கு வேலை இல்லை. பாசஞ்சர் பிடித்துத் தஞ்சாவூர் வந்து வேலை கேட்டார்கள். நான் வைத்துக்கொண்டேன். எந்தப் பண்ணை ஆள் என்று கேட்கவில்லை. தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஐயா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டார்.

"வயல்ல மறியல் பண்ணிட்டு இங்க வந்து சட்டி தூக்குறாளுங்களா? யாருய்யா வெச்சது?"

"நான்தாங்க. கை நல்ல கைங்க."

"குஞ்சம்மாளா? அவதான்யா தலைவி."

"சட்டி அதிகம் தூக்குறதும் அவங்கதாங்க."

அவர் சிரித்தார். தேதி நெருங்குகிறது, ஆள் தேவை. விட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் ஒன்று நடந்தது. முதல் மாடித் தட்டில், விளிம்பு ஓரமாகச் சட்டியோடு மாரியாயி நின்றாள். ஐயா படியேறி வந்தார். மாரியாயி சட்டியை இறக்கினாள், தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள், பின்னால் ஓர் அடி வைத்தாள். காணோம். எட்டிப் பார்த்தால் கீழே மணல் குவியலில் உட்கார்ந்திருந்தாள். அடி இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். "கண்ணு தெரியலையாடி?" என்றார்.

தலையில் மணலோடு அவள் சொன்னாள்: "வழி விட்டேங்க."

என்ஜினியர் நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். அது கவனக்குறைவு இல்லை. உங்களில் பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வரப்பில் பண்ணை எதிரே வந்தால் ஆள் நிற்கக் கூடாது. சேலையோ வேட்டியோ இறக்கிவிட்டு, முகத்தை அவர் பக்கம் வைத்தபடி, பின்னாலேயே சேற்றில் இறங்க வேண்டும். முதுகைக் காட்டக் கூடாது. அவர் இன்னும் ஓர் அடி வந்தால் நாம் இன்னும் ஓர் அடி போக வேண்டும். நானும் பேராவூரணிப் பக்கம் வேறொரு பண்ணையில் சின்ன வயதில் அப்படி இறங்கியிருக்கிறேன். யோசித்து இறங்குவதில்லை. கால் இறங்கும். வயலில் பின்னால் சேறு இருக்கும்.

மறுநாள் குஞ்சம்மாளிடம் சொன்னேன்.

"பண்ணை மேல வந்தா யாரும் பின்னால போகாதீங்க."

"யாரு, நாங்களா?" அவள் சிரித்தாள். "நாங்க எங்கங்க வழி விடுறோம்? அதெல்லாம் எங்க மாமியாரோட போச்சு. கொடி புடிச்ச கையி மேஸ்திரி இது."

"கையைச் சொல்லல. காலைச் சொல்றேன்."

"அவரு இப்ப எங்க வீட்டு வாசல்ல வந்து ஓட்டு கேக்குறாரு. அவருதான் பின்னால போவணும்."

ரோசாப்பூ சொன்னாள்: "மாரியாயி மணலப் பாத்துட்டுத்தான் விழுந்தா. மெத்தை நல்லாருக்கான்னு."

மாரியாயி அவளைக் கட்டையால் அடிக்கப் போனாள். பேச்சு அதோடு முடிந்தது.

விளிம்பில் கயிறு கட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் கட்டினால் குனிந்து வேலை செய்கிறவள் அதற்குக் கீழே போய்விடுகிறாள். முழங்கால் உயரத்தில் கட்டினால் சட்டி தூக்குகிறவள் தடுக்குகிறாள். கயிற்றை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. கயிறு நிமிர்ந்து நிற்கிற ஆளுக்கு.

ஒன்றை இங்கே இடையில் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்குச் சென்னையில் வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒருவர். பெயர் போட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் மாடிச் சாரத்தில் ஒருவன் நின்ற பலகை ஆடியது. நான் கீழிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் திரும்பினான். சட்டி கையை விட்டது. மேஸ்திரியின் சைக்கிள் மேல் விழுந்தது. அவர் வந்து சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கூப்பிட்டது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"பலகை ஆடுதுன்னு சொல்லங்க."

"சொல்லிட்டியா?"

"இல்லீங்க. பேரைச் சொன்னதுமே திரும்பிட்டான்."

"பேரைச் சொன்னா மனுசன் திரும்புவான். அதுக்குத்தான் பேரு வெச்சிருக்கு. மேல நிக்கிறவனுக்குப் பேரு கிடையாது. எறங்கினப்புறம் கூப்பிடு."

சைக்கிளை நான்தான் நெளிவெடுத்து ஒக்கிட்டுக் கொடுத்தேன்.

இனி அந்த நாள்.

மொட்டை மாடித் தளம் மூன்றாம் நாளாக ஓடியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். இந்த வேலைக்கு நடவுப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது. வரிசையாகக் குனிவார்கள். குஞ்சம்மாள் பாட்டெடுப்பாள். ஆறு பேர் வாங்கிப் பாடுவார்கள். ஏழு கட்டையும் ஒன்றாக விழும். அடித்த இடத்தை மிதிக்கக் கூடாது, அதனால் பின்னாலேயே நகர்வார்கள். நாற்று நடுகிற அதே நடைதான்.

என் தப்பு இரண்டு. முதல் தப்பு, வேலையை ஈசானிய மூலையில் ஆரம்பித்தது. வயலில் முதல் நாற்று முடியை அங்கேதான் நடுவார்கள். பெண்கள் கேட்டார்கள். ஐயாவும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார். அந்த ஒன்றில் இரண்டு தரப்பும் ஒத்துப் போனது. எனக்கும் சரியென்று பட்டது. வடக்கே ஆரம்பித்தால் வரிசை பின்னால் நகர்ந்து தெற்கே போகும். தெற்கே சுவர் இல்லை. எட்டு வருடம் அனுபவம் உள்ள மேஸ்திரி அதை யோசிக்கவில்லை. நல்ல மூலை என்றதும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் உறைத்தது. கடைசி பத்தடியில் வரிசையைத் திருப்பிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். விளிம்பில் ஆரம்பித்து உள்ளே வரலாம். பத்தடியில் கோடு போட்டேன். "கோட்டுக்கு வந்ததும் நில்லுங்க, நான் வந்து திருப்பிவிடுறேன்" என்றேன். சாயங்காலம் வரை ஆகும் என்று நினைத்தேன். சுண்ணாம்பு போதவில்லை என்று கீழே போனேன்.

இரண்டாவது தப்பு. கோட்டைச் சுண்ணாம்பால் போட்டேன். அதன்மேல் சுண்ணாம்புக் கலவையைக் கொட்டினார்கள். கோடு போய்விட்டது.

பெண்கள் அன்று அவசரத்தில் இருந்தார்கள். நாலு மணிக்கு அவர்கள் பக்கத்துத் தாலுகா ஆபீசில் கூலிப் பேச்சு. தாசில்தார் நடுவில், ஐயா ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். பெண்கள் சார்பில் குஞ்சம்மாள் பேச வேண்டும். மதிய வண்டியைப் பிடிக்கிற வேகத்தில் அடித்தார்கள். அடிக்கிற பாட்டு வேகமாக இருந்ததைக் கீழிருந்தே கேட்டேன். நல்லது என்று நினைத்தேன்.

படியேறி மேலே வந்தேன். மூச்சு வாங்கியது. பார்த்தேன். குனிந்த ஏழு முதுகுகள். ஏழும் விளிம்புக்கு அருகில். குதிகாலுக்கும் வெளிக்கும் நடுவே ஒரு காலடியும் கொஞ்சமும் இருந்தது. முன்பக்கச் சாரத்தை முந்தின நாளே பிரித்துவிட்டார்கள், முகப்புக்கு வெள்ளை அடித்தாயிற்று. கீழே தார் ரோடு.

நான் கத்தவில்லை. மெதுவாக நடந்து போய், குஞ்சம்மாள் கையிலிருந்து கட்டையை வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். பாட்டு நிற்காமல் நான் பக்கத்தில் போய்விட்டால் போதும். நாலடி வைத்தேன்.

பின்னால் லிஃப்ட் சத்தம் கேட்டது.

அதுவரை ஐயா படியில்தான் வருவார். ஏழு மாடி ஏறி வருகிற செருப்புச் சத்தம் கால் மணி நேரம் முன்னதாகக் கேட்கும். அதை நம்பியிருந்தேன். லிஃப்ட் அன்றுதான் முதன்முதலாக ஆளை ஏற்றியது. கதவு திறந்தது. மெக்கானிக், என்ஜினியர், ஐயா. பேச்சுக்கு முன்னால் குஞ்சம்மாளைத் தனியாகப் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று ஐயா வந்திருக்கிறார்.

லிஃப்ட் அறை வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்.

"குஞ்சம்மா!"

பாட்டு நின்றது. ஏழு பேரும் நிமிர்ந்தார்கள். ஏழு கையும் இடுப்புக்குப் போய்ச் சேலையை இறக்கின. ஏழு பேரும் பின்னால் ஓர் அடி வைத்தார்கள். கொடி பிடித்தவளும் வைத்தாள்.

ஒருத்தியும் விழவில்லை. இன்னோர் அடிக்கு இடமில்லை.

ஐயா வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார். அவர் ஓர் அடி வந்தால் அவர்கள் ஓர் அடி போவார்கள். அவரைத் தள்ளலாம். தள்ளினால் சத்தம் வரும், பெண்கள் என்ன செய்வார்கள் தெரியாது. நில்லுங்கள் என்று சொல்லலாம். அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே வருவார்.

வைத்த நாலடியைத் திரும்ப வைத்து அவர் காலில் விழுந்தேன். நெடுஞ்சாண்கிடையாக. ஈரச் சுண்ணாம்பில்.

அவர் இரண்டடி பின்னால் போனார். என்ஜினியரும் மெக்கானிக்கும் பார்ப்பது நினைவுக்கு வந்து மூன்றாவது அடியும் போனார். லிஃப்டுக்குள் போய்விட்டார்.

"ஏய், ஏய். என்னய்யா இது? எந்திரி. அந்தக் காலம் போச்சுய்யா."

நான் எழுந்திருக்கவில்லை. "கீழ போய்ப் பேசலாங்க ஐயா."

"என்ன வேணும் ஒனக்கு?"

அதை யோசித்து வைக்கவில்லை. "லீவு வேணுங்க."

"லீவுக்கா கால்ல விழுவ? எத்தனை நாளு?"

"ரெண்டுங்க."

"எடுத்துக்க. எந்திரி மொதல்ல."

"லீவு நான்தான் சார் சாங்ஷன் பண்ணணும்" என்றார் என்ஜினியர்.

"பண்ணித் தொலைங்க" என்றார் ஐயா.

மெக்கானிக் என் தலைக்கு மேலாகப் பெண்களைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் பார்த்தார்.  கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் இறங்கியது. ஊர் தெரியாத ஆள். அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

எழுந்து திரும்பினேன். ஏழு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். பின்னால் பார்க்கவில்லை. மேஸ்திரி பண்ணை காலில் விழுந்ததைப் பார்த்த பிறகு பின்னால் பார்க்க என்ன இருக்கிறது.

"மேஸ்திரி" என்றாள் குஞ்சம்மாள். "நெத்தியில சுண்ணாம்பு. தொடச்சிக்க."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எல்லாரும் நிக்கிற எடத்துலயே உக்காருங்க" என்றேன்.

ஆறு பேர் உட்கார்ந்தார்கள். களைப்பு. குஞ்சம்மாள் உட்காரவில்லை. கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"நீ அவன் கால்ல விழுந்து எந்திரிச்சு வருவ. வந்து எங்கள உக்காரச் சொல்லுவ. நாங்க உக்காரணும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"உக்கார மாட்டேன்."

அவள் தோளுக்குப் பின்னால் ஸ்டேஷன் கூரை தெரிந்தது. கால்களுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு நிமிடம் முன்னால் நான் உட்காருங்கள் என்றால் அவள் உட்கார்ந்திருப்பாள். காலில் விழுந்து ஏழு பேரை நிறுத்தினேன். அதே விழுதல் அந்த ஒருத்தியிடம் என் சொல்லைப் பறித்துக்கொண்டது. பின்னால் பார் என்றால் திரும்புவாள், திரும்பக் காலை மாற்ற வேண்டும். நான் நெருங்கிப் போனால் கோபத்தில் விலகுவாள், விலகப் பின்பக்கம்தான் இருக்கிறது. அவள் தானாக முன்னால் வர வேண்டும். கோபத்தில் இருக்கிற ஆள் முன்னால் வருவது ஒன்றுக்குத்தான்.

"நாலு மணிக்குத் தாலுகா ஆபீசுக்குப் போய் நீ என்ன கிழிக்கப் போற?" என்றேன். "அவரு மொகத்தப் பாத்தா ஒனக்கு வாய் வருமா?"

"மேஸ்திரி, வேணாம்" என்றாள் வேம்பு.

"நானாச்சும் லீவு கேட்டு விழுந்தேன். நீ ஒண்ணும் கேக்காமயே விழுவ."

அவள் வந்தாள். நான் அசையவில்லை. கட்டை என் இடது தோளில் விழுந்தது. நல்ல அடி. மூன்று நாள் தளம் அடித்துப் பழகிய கை. இரண்டாவது அடிக்கு ஓங்கினாள். அதற்குள் உட்கார்ந்திருந்த வேம்பு திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காந்தபடியே முன்னால நகருங்க" என்றேன் மற்றவர்களிடம். நகர்ந்தார்கள்.  ரோசாப்பூ மாரியாயி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிய வண்டி போய்விட்டது. பஸ்ஸில் போனார்கள். தாலுகா ஆபீசில் ஐயா உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்தார்களாம். குஞ்சம்மாள் இரண்டு காலையும் நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வேம்பு சொன்னாள். கூலி ஏறியது, கேட்டதில் பாதி. அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார், அண்ணாந்து பார்த்தார். பிளான் போட்டவர் கேட்ட கோடு கிடைத்தது, கட்டடம் வானத்தில் போய் முடிந்தது. இரும்புக் குழாயை நான் அன்று சாயங்காலமே நட்டேன், தளம் முடிவதற்கு முன்பே. என்ஜினியர் கோபித்துக்கொண்டார். கடைசி பத்தடித் தளத்தில் ஒரு ஒட்டு விழுந்தது, மழைக்குக் கசிந்தது. அது என் கணக்கில். இரண்டு நாள் லீவை எடுத்தேன். தோள் தூக்க வரவில்லை. ஏன் விழுந்தேன் என்று ஐயாவிடம் நான் சொல்லவில்லை. அவர் லீவுக்கென்றே நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை லீவு கேட்டபோது, "நின்னுக்கிட்டே கேளு" என்றார்.

வேலைக்கு வருகிற ஆள் கையை மட்டும் கொண்டு வருவதில்லை. உடம்பு முழுக்க வருகிறது. அந்த உடம்பு இதற்கு முன் எங்கே நின்றது, யாரைக் கண்டால் என்ன செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் வாய் ஒன்று சொல்லும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாடிக்கு வருகிறேன்.

குஞ்சம்மாள் கட்டையை இறக்கினாள். திரும்பி விளிம்பைப் பார்த்தாள். அடிக்காத கலவையில் காலடிகள் பதிந்திருந்தன. வேலை செய்த இடத்தில் ஒரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, ஏழு ஜோடி. அதில் ஒன்று மற்றவற்றைவிட விளிம்புப் பக்கம் தள்ளி இருந்தது.

"நான் அங்க நிக்கல" என்றாள்.

நான் தோளைத் தடவினேன்.

"அவனப் பாத்து நான் பின்னால போவல. அது வேம்பு காலு."

"என் காலு இந்தா இருக்கு அண்ணி" என்றாள் வேம்பு, வேறொன்றைக் காட்டி.

குஞ்சம்மாள் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே விளிம்பை நோக்கி நகர்ந்தாள். வேம்பு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேம்பை ரோசாப்பூ பிடித்துக்கொண்டாள். குஞ்சம்மாள் உடம்பைத் திருப்பி, வலது காலை மெல்ல நீட்டி அந்தப் பதிவில் வைத்தாள். குதிகால் உட்கார்ந்தது. விரல்கள் உட்கார்ந்தன. காலை எடுக்கவில்லை.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"எது?"

"மிச்சம்."

டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அவளே வாங்கித் தன் குதிகாலில் வைத்துக்கொண்டாள். மறு முனையை நான் குப்புறப் படுத்து விளிம்பில் வைத்தேன்.

இரண்டேகால் அங்குலம்.